பெயர் அழிந்த குப்பிகள்

டாக்டர் சவரியம்மாள் இறந்த செய்தி எனக்கு அடக்கம் முடிந்த மறுநாள்தான் வந்தது. கொண்டுவந்தவள் அடைக்கலம். டாக்டரம்மா நம் ஊர்ப் பெண்கள் ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுவதும் அவர் வீட்டில் ஆயாவாக இருந்தவள். அவர் வேலையை விட்டு ஆவூரில் தம்பி வீட்டுக்குப் போனபோது கூடவே போனவள். காலை பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே என் வீட்டுக் கூடத்துக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“வக்கீலம்மா, நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க. நேத்து கோயில்ல பூசை வச்சு அடக்கம் பண்ணியாச்சு. ஒங்களுக்கு ஆள் விடச் சொன்னேன், யாரும் காதுல வாங்கல. அதான் நானே வந்துட்டேன்.”

“ஒடம்பு இவ்வளவு மோசம்னு முன்னாலயே சொல்லி அனுப்பக் கூடாதா அடைக்கலம்?”

“அவுங்கதான் வேணாம்னுட்டாங்க. பாக்க வாரவுங்க எல்லாம் சரியாப் போயிரும்னு சொல்லுவாங்க, நானும் ஆமான்னு தலையாட்டணும், அது எனக்கு ஆகாதுன்னாங்க.”

கர்ப்பப்பையில் புற்று. எத்தனையோ பெண்களுக்குக் கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னவர், தனக்கு வந்ததையும் தானே கண்டுபிடித்து, தானே பெயர் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார். அடைக்கலத்துக்கு இட்டுக்கட்டத் தெரியாது. ஆகவே அவள் சொன்னது டாக்டரின் வார்த்தைகள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு நம் மாதர் சங்கத்தில் அனுதாபக் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் அவரைக் கைராசிக்காரர் என்று புகழ்ந்தார்கள். அவர் கையால் பிறந்த பிள்ளைகளின் தாய்மார் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து உங்களைத் திருத்தியிருப்பார். அவர் இல்லாததால் நான் திருத்துகிறேன். சங்க மலருக்கு இதை எழுத ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

கீழ ராஜவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர், தம் மனைவிக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில், தாம்பாளம் நிறையப் பழமும் பட்டுப்புடவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வேறு ஒருவரைப் பார்க்கப் போன நான் அப்போது அங்கே நின்றிருந்தேன். “எல்லாம் ஒங்க கைராசிங்க டாக்டரம்மா” என்று அவர் தாம்பாளத்தை நீட்டினார். டாக்டர் அதை வாங்கவில்லை.

“முந்தாநாள் ஒரு பொண்ணு இதே கையிலதான் செத்துப்போச்சு. அது எந்த ராசிங்க?” என்று கேட்டார். கடைக்காரர் விழித்தார். “ராசின்னு ஒண்ணும் கெடையாது. கை கழுவுறது ஒண்ணுதான் இருக்கு. அதை நான் ஒழுங்காச் செய்யுறேன். பழத்தை வார்டுல எல்லாருக்கும் குடுத்துட்டுப் போங்க. பொடவையை வீட்டம்மாவுக்குக் குடுங்க, அவுங்கதான் பாடுபட்டவுங்க.”

கடுமையான பேச்சு என்று அப்போது நினைத்தேன். திருச்சியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் என்னைப் படிப்பித்தவர்கள் யாரும் இத்தனை கடுமையாகப் பேசியதில்லை. ஆனால் நல்லதுக்கு மெச்சிக்கொள்ள விடாதவர், கெட்டதுக்கும் சாக்குச் சொல்ல மாட்டார் என்பது பின்னால் எனக்கு நன்றாகத் தெரியவந்தது. தெரியவந்த விதத்தைத்தான் எழுதப்போகிறேன். என் மகள் தேவகி அனுமதி கொடுத்துவிட்டாள்.

தேவகியை அரிமளத்தில் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை நல்லவர், ஒரே பிள்ளை. கல்யாணமாகி முதல் சில வருஷங்களுக்குள் மூன்று முறை அவளுக்குக் கர்ப்பம் தங்காமல் போயிற்று. நம் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருப்பதை மூன்று மாதம் நிறையும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம். ஒருமுறை இழந்தவள் என்றால் கேட்கவே வேண்டாம், தாயிடம்கூடச் சொல்ல மாட்டாள். தேவகிக்குப் போனதெல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள்தான். ஆகவே ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் நாங்கள் கொண்டுபோனது முடிந்துபோன காரியத்தை.

மூன்றாவது தடவை அவர் கட்டிலருகே நின்று தேவகியிடம் சொன்னார்: “எல்லாம் முடிஞ்சப்பறம் வாரீங்க. சுத்தம் பண்ணி அனுப்புறதைத் தவிர நான் என்ன செய்ய? குளிக்கிற நாள் தள்ளிப்போனா எனக்குத்தான் மொதல்ல தெரியணும். ஒன் சாமிக்குக்கூட அப்பறம் சொல்லிக்க.”

“வாயால சொல்லக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க டாக்டரம்மா.”

“சொல்ல வேணாம். ஒரு எலுமிச்சம்பழத்தை அரிமளம் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விடு. கண்ணு படுறதுன்னா பழத்து மேல படட்டும்.”

தேவகி பல நாளைக்குப் பிறகு அன்று சிரித்தாள்.

அரிமளத்துச் சம்பந்தியம்மாள் அதற்குள் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் பேச்சு எடுத்திருந்தார். மறைவாக அல்ல, என் வீட்டுக்கே வந்து என் எதிரில் சொன்னார். “தேவகியை நாங்க தள்ளி வைக்கல சம்பந்தி. மூத்தவளா மரியாதையா இருக்கட்டும். ஆனா எங்க வீட்டுல வெளக்கேத்த ஒரு பிள்ளை வேணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க.” இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று மாப்பிள்ளைதான் தாயின் வாயை அடைத்து வைத்திருந்தார். ஆக, இனி வரும் கர்ப்பம் ஒரு பிள்ளையை மட்டும் பொறுத்ததல்ல. தேவகி அந்த வீட்டில் யாராக இருப்பாள் என்பதும் அதில் இருந்தது.

ஜெர்மனியோடு சண்டை தொடங்கிய மறு வருஷம், மாசி மாதத்தில், எலுமிச்சம்பழம் வந்தது.

டாக்டர் அன்றே ஆள் அனுப்பித் தேவகியை என் வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். சம்பந்தியம்மாளும் கூடவே வந்தார். மறுநாள் டாக்டர் வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் மூவருக்கும் விளங்கும்படி சொன்னார். பெண்ணின் சூலகத்தில் முட்டை வெளியான இடத்தில் மஞ்சளாக ஒரு சிறிய முடிச்சு உண்டாகிறது. கர்ப்பப்பையைக் கருவுக்கு மெத்தையாக வைத்திருக்கும் சத்து ஒன்றை அது சுரக்கிறது. நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையைத் தான் ஏற்றுக்கொள்ளும்வரை முடிச்சுதான் பொறுப்பு. சில பெண்களுக்கு அது சீக்கிரமே வற்றிவிடுகிறது என்று பெரிய டாக்டர்கள் நினைக்கிறார்கள். அந்தச் சத்தை இப்போது ஜெர்மனியில் தனியே செய்து, எண்ணெயில் கலந்து, ஊசி மருந்தாகக் குப்பியில் அடைக்கிறார்கள். புரொஜெஸ்டிரோன் என்று பெயர்.

“எதுல இருந்து எடுக்குறாக?” என்று கேட்டார் சம்பந்தியம்மாள்.

“மொதல்ல பன்னியோட சூலகத்துல இருந்து எடுத்தாங்க.” சம்பந்தியம்மாள் முகத்தைச் சுளித்ததும் டாக்டர் தொடர்ந்தார்: “பயப்படாதீங்க, இப்ப ஒரு மாதிரிப் பயறுல இருந்து செய்யுறாங்க.”

“பயறுன்னா நாங்களே அவிச்சுக் குடுத்துர மாட்டமா? இதுக்குப் போயி ஊசி எதுக்கு?”

“அவிச்சுப் பாருங்க. வயிறு வேணா நெறையும், வேற ஒண்ணும் நடக்காது. இந்த மருந்தை வாய் வழியாக் குடுத்தா ஒடம்பு அழிச்சிரும். அதனாலதான் ஊசி.”

“இது போட்டாப் பிள்ளை தங்குமா டாக்டரம்மா?” என்று கேட்டது தேவகி.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “சில பேருக்குக் குடுத்திருக்கேன். தங்குனதும் உண்டு, போனதும் உண்டு. தங்குனது மருந்தால தங்குச்சா, தானாத் தங்குச்சான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஒங்கிட்டப் பேச மாட்டேன். ஆனா குடுக்காம இருக்கறதுக்குக் குடுக்கறது மேல்னு நெனைக்கிறேன்.”

முதல் ஊசியன்று சம்பந்தியம்மாள் என்னைச் சற்று விலகி நிற்கச் சொன்னார். வக்கீலாக இருந்த என் கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்; சுப காரியத்தின் தொடக்கத்தில் கணவனை இழந்தவள் எதிரில் நிற்கக் கூடாது என்று அவர் எண்ணம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். டாக்டர் ஊசியைக் கையில் பிடித்தபடியே, “வக்கீலம்மா, இங்கிட்டு வந்து பொண்ணு தோளைப் பிடிங்க” என்றார். சம்பந்தியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ஒங்க கை நடுங்குது. அவுங்க கை நடுங்கல. எனக்குத் தெரிஞ்ச சாத்திரம் அம்புட்டுத்தான்.” அதன் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் நான்தான் தோளைப் பிடித்தேன்.

நாட்கள் போயின. முன்பெல்லாம் போய்விட்ட கெடு தாண்டியது. தேவகிக்குத் தலை சுற்றலும் வாந்தியும் விடாமல் இருந்தன. “அம்மா, இந்த வாந்திக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்மா” என்பாள், முற்றத்தில் குனிந்து நின்றபடியே. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அவளருகில் உட்கார்ந்துவிட்டுப் போவார். சம்பந்தியம்மாள் வளைகாப்புக்கு நாள் பார்க்கவில்லை. ஆனால் யாரிடமோ வளையல் விலை விசாரித்தார் என்று கேள்விப்பட்டேன். நான் எதையும் நம்பவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மருந்து பெரும் கவலையாக இருந்தது. சண்டையினால் ஜெர்மன் சாமான் எதுவும் கப்பலில் வருவது நின்றுவிட்டது. சென்னையில் மருந்துக்கடையொன்றில் மிச்சமிருந்ததை எல்லாம் டாக்டர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். தேவகிக்கு வேண்டிய காலம் வரைக்கும் அது போதும் என்று கணக்குப் பார்த்திருந்தார். அதே கம்பெனியின் வேறொரு ஊசி மருந்தும் அவரிடம் இருந்தது. மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களின் தொல்லைகளுக்குக் கொடுப்பது. அதுவும் எண்ணெய், அதே நிறம், அதே அளவுக் குப்பி. மேலே ஒட்டிய காகிதத்தில் இருந்த பெயர் ஒன்றே வித்தியாசம்.

நம் சித்திரை வைகாசி வெயில் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி அலமாரியைத் தொட்டால் கை சுடும். மருந்தைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. நம் ஊரில் குளிர்ச்சியான இடம் எது? தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணல். வெற்றிலையையும் எலுமிச்சம்பழத்தையும் நாம் எல்லோரும் அதில்தான் புதைத்து வைக்கிறோம். டாக்டரும் நம்மைப் போலவே செய்தார். இரண்டு மருந்துப் பெட்டிகளையும் ஒரு மண்கலயத்தில் வைத்து, மேலே மூடி, தம் வீட்டுப் பானை மணலில் கழுத்தளவு புதைத்து வைத்தார். மணல் காயவே கூடாது என்று அடைக்கலத்திடம் சொல்லியிருந்தார்.

அக்கினி நட்சத்திரத்தில் டாக்டரின் தகப்பனார் ஆவூரில் இறந்துபோனார். டாக்டர் போய்க் காரியங்களை முடித்துத் திரும்புவதற்குள், அடைக்கலம் சொன்ன சொல்லைத் தவறாமல் காப்பாற்றினாள். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் ஊற்றினாள். வெயில் அதிகம் என்று பகலிலும் ஊற்றினாள். ஒரு நாள் கலயத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, பெட்டிகள் ஊறிக் கூழாகிவிட்டன. அவள் பயந்துபோய்க் குப்பிகளை எல்லாம் எடுத்து, ஒட்டிக்கொண்டிருந்த காகிதத் துணுக்குகளைத் துடைத்து, நல்ல துணியில் வரிசையாக அடுக்கி வைத்தாள். ஒரு குப்பிகூட உடையவில்லை.

டாக்டர் ஆவூரிலிருந்து வந்த அன்றே, துக்கப் புடவையை மாற்றாமல், அந்தத் துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊசி போட வேண்டிய நாள் அது. தேவகி, சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, நான் எல்லோரும் இருந்தோம். மூட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

“எது எந்த மருந்துன்னு எனக்குத் தெரியல” என்று முடித்தார்.

சம்பந்தியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “அந்த ஆயா முண்டையைச் செருப்பால அடிக்க வேணாமா?” என்றார்.

“அவ நான் சொன்னதைத்தான் செஞ்சா. மணல் காயக் கூடாதுன்னு சொன்னது நான். மேல எழுதியிருக்கறதுதான் மருந்து, அது போனா உள்ள இருக்கறது வெறும் எண்ணெய்னு சொல்லிக் குடுக்காம விட்டதும் நான். தப்பு என்னோடது.”

ஒரு டாக்டர் வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“ரெண்டுல ஒண்ணுதானே” என்றார் சம்பந்தியம்மாள், குரலை இறக்கி. “ஏதாவது ஒண்ணைப் போட்டு விடுங்க. விதிப்படி ஆகட்டும்.”

“போடுங்க டாக்டரம்மா” என்றாள் தேவகியும்.

“ஒண்ணு தாங்குற மருந்து. இன்னொண்ணு வேற வேலை செய்யுற மருந்து. தாங்குறதுக்குப் பதிலாத் தள்ளிவிட்டாலும் விடும். எதுன்னு தெரியாம ஒன் ஒடம்புல ஏத்த மாட்டேன் தேவகி. கெஞ்சாத.”

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். “சோதிச்சுப் பாக்க வழி இல்லையாங்க?”

“இருக்கு. முயலுக்குப் போட்டுப் பாக்கணும்.”

“முயல்தானே? குடுமியான்மலைப் பக்கம் எத்தனை வேணும்னாலும் பிடிக்கலாம். நான் இப்பவே ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்.” செருப்பைக்கூட மாட்டிவிட்டார். முயலை அறுத்து, கர்ப்பப்பையைச் சீவி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே யாரும் இல்லை, தனக்கும் தெரியாது என்று டாக்டர் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். அவர் செருப்போடு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார். பின்னாளில் அவர் செய்ததை எல்லாம் நான் அறிவேன். ஆனாலும் அந்த நேரத்து முகத்தை நினைத்தால் அவரை என்னால் வெறுக்க முடிவதில்லை.

டாக்டர் மறுநாள் ரயிலேறித் திருச்சிக்குப் போனார். அங்கே ஒவ்வொரு மருந்துக்கடையாக ஏறி இறங்கினார். மதுரைக்கும் சென்னைக்கும் தந்தி கொடுத்தார். எங்கும் இல்லை. திரும்பி வந்து, “இந்நேரம் நஞ்சு பொறுப்பை ஏத்துக்கிட்டிருந்தா மருந்தே வேண்டியதில்ல. ஏத்துக்கலைன்னா எங்கிட்ட ஒண்ணும் இல்ல. படுத்திரு தேவகி, எந்திரிக்காத” என்று மட்டும் சொன்னார். தினமும் வந்தார். வந்து கையைப் பிடித்து நாடி பார்ப்பார்; அதில் தெரிவது ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆனி பிறந்தபின் ஒரு காலையில் தேவகிக்கு வலி கண்டது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். வெயில் ஏறுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு தேவகி சொல்லித் தெரிந்ததை எழுதுகிறேன். அறையில் டாக்டரும் அவளும் மட்டுமே இருந்தார்கள். இப்படிப் போனதை ஒரு தட்டில் மூடி எடுத்துப் போய்விடுவதுதான் வழக்கம். முந்திய தடவைகளில் அவள் எதையும் பார்த்ததில்லை. டாக்டர் அதைக் கழுவி, தம் கைக்குட்டையில் சுற்றி, “பொம்பளப் பிள்ளை. பாக்கறியா?” என்று கேட்டாராம். பார்க்கிறேன் என்றாளாம். உள்ளங்கையில் வைத்துக் காட்டினாராம். அவ்வளவுதான். வெளியே நின்றிருந்த சம்பந்தியம்மாள், கதவு திறந்ததும், “கலைஞ்சிருச்சா?” என்று கேட்டார். “கொழந்தை செத்துப்போச்சு” என்று டாக்டர் பதில் சொன்னார். குழந்தை என்ற அந்த வார்த்தையை எங்கள் முந்திய மூன்று இழப்புகளிலும் யாரும் உபயோகித்ததில்லை.

அன்று பிற்பகல் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவரை நான் நிறுத்தினேன். எனக்கு ஒரு பதில் வேண்டும். ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. ஆம் என்றால் யாரையாவது குற்றம் சொல்லலாம். இல்லை என்றால் எதையும் நினைக்காமல் படுத்துத் தூங்கலாம்.

“மருந்து இருந்திருந்தா நின்னிருக்குமா?” என்று கேட்டேன்.

“தெரியாது வக்கீலம்மா.”

“ஒங்களுக்கு என்ன தோணுது? அதையாவது சொல்லுங்க.”

“தோணுறதை ஒங்களுக்குக் குடுத்தா அதை நெசம்னு வச்சுக்குவீங்க. நின்னிருக்கும்னு சொன்னா என் மேல பழியைப் போட்டுக்கிட்டு நானும் ஒரு மாதிரித் தப்பிச்சிருவேன். நின்னிருக்காதுன்னு சொன்னா அது இன்னும் சுலபம். ரெண்டும் பொய்யி. எனக்குத் தெரியாது.”

அவர் கண் கலங்கவில்லை. என் கையைத் தொடவும் இல்லை. அடுத்த பிரசவத்துக்கு அழைத்தார்கள், போய்விட்டார்.

மணலில் மருந்து கெட்ட கதையைச் சம்பந்தியம்மாள் அரிமளத்திலிருந்து ஊர் முழுக்கச் சொன்னார். பெரிய வீட்டுப் பெண்கள் சிலர் டாக்டரிடம் வருவதை நிறுத்தினார்கள். அனுதாபக் கூட்டத்தில் அவரைப் புகழ்ந்தவர்களில் ஒருவரும் அப்போது நிறுத்தியவர்தான். பெயர் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் அவருக்கு மேலே இருந்தவர், இதை வெளியே சொல்லியிருக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டாராம். அதை டாக்டரே என்னிடம் சொன்னார். “சண்டையால மருந்து வரலைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேன்னு கேக்கறாரு. முடிஞ்சிருக்கும். ஆனா அத்தனை நாள் ஊசி போட்டும் அவளுக்குத் தங்கலைன்னு நாளைக்கு அந்தப் பொண்ணோட ஒடம்பு மேலயில்ல பழி விழும்?”

அவர் உண்மையைச் சொன்னது எதையும் காப்பாற்றவில்லை. பழி தேவகியின் உடம்பு மேல்தான் விழுந்தது. அடுத்த தையில் மாப்பிள்ளைக்கு வேறு கல்யாணம் நடந்தது. வந்த பெண்ணுக்கு மூத்தவளாகத் தேவகி ஆரத்தி எடுத்தாள். அந்தப் பெண்ணின் தலைப்பிரசவமும் சவரியம்மாள் கையில்தான் ஆயிற்று, ஆண் பிள்ளை. அந்தப் பிள்ளையின் பேர் வைப்புக்கு மறுநாள் தேவகி ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை என்பதை அவளே சொன்னாள். யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

சண்டை ஓய்ந்து சில மாதம் சென்றபின் ஒரு மாலை டாக்டர் வந்தார். கையில் ஒரு சிறு புட்டி. அதே சத்தைப் போன்ற ஒன்றைச் செயற்கையாகச் செய்து, வாயால் விழுங்கும் மாத்திரையாகவே கொண்டுவந்துவிட்டார்கள். ஊசி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், அலமாரியில் வைத்தாலே போதும். புட்டியை மேசையில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். தேவகி அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“லேபிலை நல்லா அழுத்தி ஒட்டியிருக்காங்க டாக்டரம்மா” என்றாள்.

“ஆமா.”

“எனக்கா கொண்டாந்தீங்க?”

“இல்ல. ஒனக்கு இனிமே இதனால ஆகப்போறது ஒண்ணும் இல்ல. வேற யாராவது வந்து ஒங்கிட்டச் சொல்றதுக்கு முந்தி நான் வந்து சொல்லணும்னு வந்தேன்.”

“இது வேலை செய்யுதா?”

“சில பேருக்குக் குடுத்திருக்கேன். இன்னும் தெரியல.”

தேவகி புட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் வேறு ஏதோ பேசினார்கள். ஆவூரில் மழை உண்டா என்று இவள் கேட்டாள். கிணறு வற்றிவிட்டது என்று அவர் சொன்னார். சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு அவர் வேலையை விட்டு ஊருக்குப் போகும்வரை, மாதத்தில் ஒரு மாலையாவது அப்படி வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். மன்னிப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. தேவகி கொடுக்கவும் இல்லை. அவர்களுக்குள் அது எப்படி இருந்தது என்று எனக்கு விளங்கியதில்லை.

அடைக்கலம் செய்தி சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, கடைசி நாட்களில் அவர் என்ன பேசினார் என்று கேட்டேன். “என்னைய ஒரு நாளும் ஒண்ணும் சொல்லலம்மா. அந்த மணல் விசயத்துக்கு ஒரு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும்” என்றாள். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

அவள் போனபின் தேவகி ஜன்னலருகே போய் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “அந்தப் பிள்ளை மொகத்தைப் பாத்தவுங்க ரெண்டு பேர்தாம்மா. இனிமே நான் ஒருத்திதான்.”

அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்பதை எழுதி முடித்துவிடுகிறேன். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கண் பட்டது என்றார்கள், கிரகம் என்றார்கள், முன் ஜன்மத்துப் பாவம் என்றார்கள், ஹிட்லர் என்றார்கள், மணல் என்றார்கள். ஒன்றாவது எனக்கு ஒரு மாதத்துக்குமேல் உதவவில்லை. டாக்டர் சவரியம்மாள் ஒருவர்தான் எதையும் கொடுக்கவில்லை. தாழ்வாரத்தில் நின்று அவர் சொன்ன அந்தத் தெரியாது என்ற ஒரு சொல்தான் இத்தனை வருஷமும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நானும் என் மகளும் மிச்ச நாளை எப்படிக் கழிப்பது என்று, அவர் ஊரை விட்டுப் போகுமுன் வந்திருந்த கடைசி மாலையில் அவரிடமே கேட்டேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அதுவும் தெரியவில்லை என்றுதான் சொன்னார்.